குவால்தர் பெரியப்பாவின் மூன்று மணி நேரம்

என் பெரியப்பா குவால்தர் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஆகஸ்டும் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் அவர் முழங்காலுக்கு மேல் நனைந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் வரிசையில் கடலைப் பற்றிய கடைசி வார்த்தை அவருடையதுதான்.

வரிசை என்றால் கூடார வரிசை. போர்த்துகலின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர்க் கடற்கரையில் வெள்ளைத் துணிக் கூடாரங்களை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அப்பா எடுத்த கூடாரத்தையே மகனும் எடுப்பான். கூடாரத்துக்கு முன்னால் கோடு போட்ட துணியைக் கழிகளில் கட்டி, காற்றுக்கு ஒரு மறைப்பு. வடகாற்று பதினோரு மணிக்குத் தொடங்கினால் இருட்டும்வரை ஓயாது. வாயைத் திறந்தால் மணல். தண்ணீரில் கால் வைத்தால் கணுக்கால் மரத்துவிடும். கொஞ்சம் புத்தி உள்ளவர்கள் தெற்கே போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் இந்தக் காற்றில் அயோடின் இருக்கிறது, நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் நடுவில் மடக்கு நாற்காலியில் பெரியப்பா. முதுகு எப்போதும் வடக்கு முனையைப் பார்த்திருக்கும். அங்கேதான் அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு கூடுவார்கள். காலை முதல் மாலைவரை அவர்கள் தண்ணீரில் கிடப்பதை அவர் பார்க்க விரும்புவதில்லை. மணிக்கட்டில் தடித்த ஒரு கடிகாரம். வரிசையில் கடைசிக் குழந்தை கடைசிக் கரண்டியை வாயில் வைத்ததும் அதைப் பார்த்து அறிவிப்பார்: "நாலு மணி." அதாவது சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகும்வரை ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இறங்கினால் குளிர் வயிற்றைப் பிடிக்கும், செரிமானம் நின்றுபோகும், ஆள் கல் மாதிரி மூழ்குவான். சோறு என்றால் மூன்று மணி நேரம். வெறும் ரொட்டிக்கு இரண்டு. முலாம்பழத்துக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார், அது வருடத்துக்கு வருடம் மாறும்.

பெரியவர்களும் தலையாட்டுவார்கள். எங்கள் நாட்டில் இதைப் படித்தவர்களும் நம்புகிறார்கள். நானும் இருபது வயதுவரை நம்பினேன். உச்சி வெயிலில் இருபது குழந்தைகள் மறைப்புத் துணிக்குப் பின்னால் தண்டனைக் கைதிகள் மாதிரி உட்கார்ந்து நேரம் கேட்டுக்கொண்டிருக்க, எதிரே ஒரு முழு அட்லாண்டிக் சும்மா கிடக்கும்.

அவர் தொழில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். முப்பத்தைந்து வருடம் அதன்மேல் வைத்த காலை அவர் எடுக்கவே இல்லை. அவரிடம் கற்ற என் அக்கா இன்றும் ரவுண்டானாவைக் கண்டால் வண்டியை நிறுத்தி, எல்லோரும் போகட்டும் என்று காத்திருப்பாள். கல்யாண விஷயமும் அப்படித்தான். பதினோரு வருடம் ஒருத்தியை நிச்சயம் செய்து வைத்திருந்தார். வீடு கட்டி முடியட்டும், அம்மா உடம்பு தேறட்டும், அடுத்த வசந்தம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அவள் ஒரு கொத்தனாரோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். அவசரக்காரி என்று இன்றும் சொல்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவருக்குக் கடல்மேல் எப்படி அதிகாரம் வந்தது என்றால், ஒரு சாவினால் வந்தது.

1983 ஆகஸ்ட். அவருடைய நண்பன் அல்சீனோ, அதே பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். அல்சீனோவின் அக்கா ஒத்தீலியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் சமையல்காரி. அவள் கைச் சமையலுக்காகவே அந்த ஸ்டேஷனில் இறங்குபவர்கள் உண்டு என்று அம்மா சொல்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆக்டோபஸ் சோறு சமைத்து, பானை ஆறாமலிருக்கச் செய்தித்தாளில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு மாலைச் சமையலுக்கு விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அல்சீனோ சாப்பிட்டான். இரண்டு மணிக்கு வடக்கு முனையில் இருக்கும் குதிரைப் பாறைப் பக்கம் நீந்தப் போனான். மூன்றாம் நாள் தெற்கே இரண்டு கடற்கரை தாண்டி ஒதுங்கினான்.

உடன் இருந்தது பெரியப்பா ஒருவர்தான். அதனால் நடந்ததைச் சொன்னதும் அவர்தான். இறங்காதே, இப்போதுதான் சாப்பிட்டாய் என்று சொன்னாராம். அவன் சிரித்தானாம். வயிறு பிடித்துக்கொண்டதாம். "என் வயித்துலயும் அதே சோறுதான். நானும் குதிச்சிருந்தா ரெண்டு பெட்டி செய்ய வேண்டியிருக்கும்" என்று முடிப்பார். மருத்துவரும் சான்றிதழில் செரிமானக் கோளாறு என்றே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும், வரிசைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பெரியப்பா இந்தக் கதையைச் சொன்னார். இரண்டு கூடாரம் தள்ளி ஒத்தீலியாம்மா உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.

ஒத்தீலியாம்மா தம்பியைப் புதைத்த வாரமே விடுதி வேலையை விட்டாள். ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தேய்த்தாள். அதன் பிறகு அவள் யாருக்கும் ஒரு முட்டைகூடப் பொரித்துக் கொடுத்ததில்லை. கடற்கரைக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு பீச் பழம் கொண்டுவருவாள். அவள் மனம் நோகக் கூடாதென்று வரிசையில் யாரும் ஆக்டோபஸ் சமைத்து எடுத்துவருவதில்லை. அத்தனை பெரிய மனது எங்களுக்கு. உன் சோறு உன் தம்பியைக் கொல்லவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல மட்டும் நாற்பது வருடத்தில் ஒரு நாக்கும் எழவில்லை.

நான் ஆறு வருடம் ஊரில் இல்லை. நியூசிலாந்தில் பழம் பறித்தேன், சிலியில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் பாத்திரம் துலக்கினேன், இடையில் பெயர் சொல்லி மாளாத ஊர்கள். எங்கே போனாலும் மனிதர்கள் மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். ஏப்பம் விட்டார்கள். சாகவில்லை. போன ஜூனில் திரும்பி வந்தேன். ஆகஸ்டில் வரிசைக்குப் போனால் அதே நாற்காலி, அதே முதுகு, அதே "நாலு மணி".

அக்கா மகள் மஃபால்தாவுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வருடம் அடம்பிடித்து வடக்கு முனையில் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்திருந்தாள். நடத்துபவள் எங்கள் ஊர்க்காரி ஃபபியோலா. இரண்டு வாரமும் குழந்தைகள் கரையோர நுரையில்தான் பழகினார்கள். கடைசி நாள் சனிக்கிழமை, தேறியவர்களை நுரைக்கு அப்பால், உண்மையான அலை எழும் இடத்துக்கு அழைத்துப் போவாள். நாலு பேர் தேறினார்கள், அதில் மஃபால்தா ஒருத்தி. கடலின் ஏற்ற இறக்கம் பார்த்து ஃபபியோலா குறித்த நேரம் இரண்டு மணி. நான்கு மணிக்குத் தண்ணீர் பாறைவரை ஏறிவிடும், போக முடியாது.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவிடம் கேட்டார்கள். ஆமாம், கேட்டார்கள். பெற்ற தாய் இருக்கும்போது அவரைப் போய்க் கேட்டார்கள். சாப்பாடு ஒரு மணிக்கு, ஆகவே நான்கு மணி என்றார். அப்படியானால் சாப்பிடவே மாட்டேன் என்றாள் மஃபால்தா. வெறும் வயிற்றில் அனுப்ப முடியாது என்றாள் அக்கா. காலையில் குடிக்கும் பாலும் கணக்கில் வரும் என்று பெரியப்பா சேர்த்துக்கொண்டார். பிள்ளை கூடாரத்துக்குள் போய் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவ வயிறு நிறைய சாப்பிடுவா, ரெண்டு மணிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அலையறவளுக்கு என்ன தெரியும்" என்றார் பெரியப்பா, என்னைப் பார்க்காமல். "கடல் எனக்குத் தெரியும்."

"எந்த ஆழம் வரைக்கும் பெரியப்பா?"

சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் சீட்டைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைத் துடைத்தார்.

சனிக்கிழமை அக்கா தக்காளிச் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள். மஃபால்தாவுக்கு இரண்டு தட்டு போட்டேன். எனக்கு மூன்று. வேண்டுமென்றே, வரிசை முழுக்கப் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட்டேன். அது எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு கோமாளியை அவன் மேடையிலேயே கவிழ்ப்பது போன்ற விளையாட்டு.

இரண்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது கிளம்பினோம். பெரியப்பா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, வரிசை கேட்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். "அல்சீனோவை எல்லாரும் மறந்தாச்சு போல."

அவர் பார்த்தது எங்களை இல்லை. இரண்டு கூடாரம் தள்ளிப் பார்த்தார். அங்கே ஒத்தீலியாம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் எதற்கு எடுத்துவைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் வேகமாக நடந்து வந்து மஃபால்தாவின் கையைப் பிடித்தாள். எழுபத்திரண்டு வயதில் அந்த மணலில் அவள் ஓடியது மாதிரித்தான் இருந்தது.

"போகாதடி கண்ணு. சோறு சாப்பிட்டிருக்கே. நான் பாத்தேன்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். வேண்டுமானால் நீங்களும் வாங்க, கரையில் நின்று பாருங்க என்று நான்தான் சொன்னேன். அவள் கையை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வடக்கு முனைவரை வந்தாள். அவள் அந்தப் பக்கம் வந்தது நாற்பது வருடத்தில் முதல் தடவை.

ஃபபியோலா பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழவியைப் பார்த்ததும், அவள் பயத்தைப் பார்த்ததும், சுருக்கமாக விளக்கினாள். குதிரைப் பாறையை ஒட்டித் தண்ணீர் உள்ளே இழுக்கும். கரையில் வந்து குவியும் அலைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. பலகையில் படுத்துக்கொண்டால் அதுவே ஆளை அலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடும், கையை ஆட்டவே வேண்டாம்.

"பலகை இல்லாதவன் அதுல போனா?" என்று ஒத்தீலியாம்மா கேட்டாள்.

"பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துடணும். தெரியாதவங்க நேரா கரையைப் பாத்து நீந்துவாங்க. இழுப்புக்கு எதிரா எவ்வளவு நேரம்? கை ஓஞ்சு போயிரும்."

"சாப்பிடாதவன்கூடவா?"

ஃபபியோலாவுக்குக் கேள்வி புரியவில்லை. சாப்பிட்டவனா இல்லையா என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துவிட்டு, பிள்ளைகளை எண்ணப் போய்விட்டாள்.

மஃபால்தா குளிர் தாங்கும் ரப்பர் உடையின் ஜிப்பை ஏற்றிக்கொண்டு போனாள். நான் வெறும் நீச்சலுடையில் பின்னாலேயே இறங்கினேன். குளிர் மூச்சை நிறுத்தியது. அந்த நீரோட்டம் நாலு பிள்ளைகளையும் வரிசையாக, சப்தமில்லாமல் வெளியே எடுத்துப் போயிற்று. அலைக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஒத்தீலியாம்மா மஃபால்தாவின் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். காலில் செருப்பு, அதன்மேல் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. மஃபால்தா மூன்று முறை கவிழ்ந்தாள். ஒவ்வொரு தடவையும் கிழவியின் கை துண்டோடு வாய்க்குப் போவது அங்கிருந்தே தெரிந்தது. நான்காவது அலையில் பிள்ளை எழுந்து நின்று, வளைந்து, தடுமாறி, கரைவரை வந்து சேர்ந்தாள். பெரியப்பாவைப் பற்றிய நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

வெளியே வந்ததும் மஃபால்தா சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது சித்தி."

ஒத்தீலியாம்மா அவளைத் துண்டால் சுற்றினாள். பிறகு உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்து, மருத்துவர் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் பிள்ளை. எத்தனை தட்டு சாப்பிட்டாய் என்று கேட்டாள். இரண்டு. மீன்? நாலு. என்னிடம் திரும்பி அதையே கேட்டாள். மூன்று தட்டு என்றேன். என் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். அவள் கை என் தோலைவிடச் சில்லென்று இருந்தது.

திரும்பும்போது அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். நேராகப் பெரியப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். சீட்டாட்டம் நின்றது.

"பொண்ணு வந்துட்டா குவால்தர். ரெண்டு தட்டு சோத்தோட."

"ரப்பர் உடை இருக்குல்லக்கா. வயித்துக்குக் குளிர் போகாது." தயாராக வைத்திருந்தார்.

"இவ உடை போடலையே" என்று என்னைக் காட்டினாள்.

"இவ வயிறு வேற. ஊர் ஊராப் போய் கண்டதையும் தின்னு பழகினது."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவர் சிரிக்கவும் செய்தார். ஒத்தீலியாம்மா அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

"நீ அன்னிக்குச் சாப்பிடவே இல்லையே."

பெரியப்பா கடிகாரத்தின்மேல் கையை வைத்தார்.

"சாயங்காலம் நான்தானே பானையை எடுத்துட்டுப் போனேன். ஒரு தட்டுதான் அழுக்காகியிருந்தது. இன்னொண்ணு நான் வச்ச மாதிரியே இருந்துது, கரண்டிகூட அசையல. நீ ஒவ்வொரு வருஷமும் என் வயித்துலயும் அதே சோறுன்னு சொல்லும்போது, என் பழியில இவனும் பாதி எடுத்துக்கறான்னு நெனச்சேன். உனக்காக மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன் குவால்தர்."

அவர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். சாட்சிக்கு ஆள் தேடுகிறவர் மாதிரி. எல்லோருக்கும் திடீரென்று மறைப்புத் துணியின் முடிச்சு, குழந்தையின் மூக்கு, செருப்பு மணல் என்று ஏதோ வேலை வந்துவிட்டது. இத்தனை வருடமாக அவர் சொல்லைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய கூட்டம்.

"பாறை இழுப்புல போகும்போது அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்?" என்று ஒத்தீலியாம்மா கேட்டாள்.

வந்த பதில் எங்கள் வரிசை அறிந்த குரலில் இல்லை. "என் பேரைத்தான்."

"எத்தனை தடவை?"

"அஞ்சாறு தடவைக்கா. எனக்கு நீச்சல் சரியா வராது. இடுப்புவரைக்கும் போனேன். அப்புறம் கால் வரல."

நான் அவரைக் கிட்டத்தட்ட முப்பது வருடமாக வெறுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிடம் வெறுப்பு கொஞ்சம் இளகியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்துநாலு வயதில் பயந்ததற்கு யாரையும் தூக்கில் போட முடியாது. ஆனால் பயந்ததோடு நிற்கவில்லையே இவர். பயத்துக்கு ஒரு கடிகாரம் கட்டி, அதைக் காட்டி எல்லோருக்கும் பாடம் எடுத்தார். பாரத்தை ஒரு சமையல்காரியின் தலையில் ஏற்றிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே வருடாவருடம் அதை நேராக்கி வைத்தார்.

ஒத்தீலியாம்மா திட்டவில்லை. "கால் வரலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் அடுப்பைவிட்டு வந்திருக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பெரியப்பா சொன்ன பதில்: "இது வெளிய போக வேண்டாம்க்கா." இருபத்தேழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு உட்கார்ந்தார். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் கூடாரத்துக்குக் கட்டிய வாடகை வீண் என்று நினைத்தாரோ, எழுந்தால் கால் நிற்காது என்று நினைத்தாரோ, சாயங்காலம்வரை அங்கேயே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அவரிடம் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நாளைக்கும் அவர் பக்கத்தில்தானே உட்கார வேண்டும்.

ஒத்தீலியாம்மா எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். ஈரச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பானையில் மிச்சம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டாள். ஆறிப்போன தக்காளிச் சோறு அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா தட்டு எடுக்கத் திரும்புவதற்குள் பானையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் சுரண்டித் தின்ன ஆரம்பித்துவிட்டாள். மென்றாள். நிறுத்தி, நாக்கில் வைத்து யோசித்தாள்.

"தக்காளியைத் தோலோட போட்டிருக்கே. வெங்காயம் வதங்கறதுக்கு முன்னாடியே தண்ணி ஊத்திட்டே. உப்பும் பத்தல."

அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. ஒத்தீலியாம்மா அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை மீன் சந்தைக்கு எத்தனை மணிக்குப் படகு வருகிறது என்று கேட்டுக்கொண்டே பானையைச் சுரண்டினாள்.